நடிப்பு எதைக் காப்பாற்றியது?

"படம் ஒண்ணும் பெரிசா இல்ல, ஆனா நடிப்புக்காக ஒரு தடவை பாக்கலாம்." கலைப்படங்களைப் பற்றிப் பேசும் நம் வட்டங்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் குறைவு. நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தைப் பற்றி, அதாவது நம்மைப் பற்றி, சேரியைப் பற்றி, எரிக்கப்பட்ட குடிசையைப் பற்றி மேல்சாதியினர் எடுத்த படத்தைப் பற்றி இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது, அது வெறும் ரசனைத் தீர்ப்பாக நின்றுவிடுவதில்லை. அதற்குள் ஒரு அறக் கேள்வி இருக்கிறது. படம் பொய்யாக இருந்து நடிப்பு உண்மையாக இருந்தால், அந்த உண்மை எதற்கு வேலை செய்கிறது? பொய்யை அம்பலப்படுத்தவா, அல்லது பொய்யை நம்பவைக்கவா?

கௌதம் கோஷ் எடுத்த 'பார்' (1984) என்ற இந்திப் படத்தை வைத்துக்கொண்டு இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன். வங்க எழுத்தாளர் சமரேஷ் பாசுவின் 'பாரி' என்ற கதையிலிருந்து எடுத்தது. 'பார்' என்றால் அக்கரை, கடந்து போதல் என்று கொள்ளலாம். இதில் நடித்ததற்காக நசீருதீன் ஷாவுக்கு 1984இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வோல்பி கோப்பை கிடைத்தது. நம் நாட்டுத் தேசிய விருதுகளில் அவருக்கு நடிகர் விருது, ஷபானா ஆஸ்மிக்கு நடிகை விருது, படத்துக்குச் சிறந்த இந்திப் படம் என்ற விருது. இவ்வளவு பாராட்டு பெற்ற படத்தை 'ஏமாற்றம்' என்று சொன்னால் சினிமா தெரிந்த தோழர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

கதை இதுதான். பீகாரில் ஒரு கிராமம். ஒரு நிலச்சுவான்தார் (உத்பல் தத்), அவன் தம்பி (மோகன் அகாஷே). கூலி உழைப்பாளிகளின் சேரி. அவர்களுக்கு ஆதரவாக நின்று நியாயமான கூலியைக் கேட்கச் சொல்லித்தரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் (அனில் சாட்டர்ஜி). வாத்தியாரைக் கொன்றுவிடுகிறார்கள். நௌரங்கியா என்ற கூலிக்காரன் (நசீருதீன் ஷா) பதிலுக்கு நிலச்சுவான்தாரின் தம்பியைக் கொல்கிறான். சேரி எரிகிறது. நௌரங்கியாவும் கர்ப்பிணி மனைவி ரமாவும் (ஷபானா ஆஸ்மி) தப்பிக் கல்கத்தா பக்கம் போகிறார்கள். வேலை இல்லை, சோறு இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவுசெய்கிறார்கள். திரும்ப வழிச்செலவுக்குக் காசு வேண்டும். அதற்காக ஒரு பன்றிக் கூட்டத்தை ஆற்றில் நீந்தவிட்டு அக்கரைக்கு ஓட்டிச் சேர்க்கும் வேலைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஆறுதான் படத்தின் உச்சம். கரையேறியபின் வயிற்றுப் பிள்ளை செத்துவிட்டது என்று ரமா நினைக்கிறாள். நௌரங்கியா அவள் வயிற்றில் காது வைத்துக் கேட்கிறான். இதயத் துடிப்பு கேட்கிறது. படம் முடிகிறது.

எனக்கு ஏமாற்றம் எங்கிருந்து வந்தது என்றால், இந்த இயக்குநர் யார் என்பதிலிருந்து. தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தை வைத்து 1979இல் தெலுங்கில் 'மா பூமி' எடுத்தவர். கத்தார் பாடி ஆடிய படம் அது. நிலமற்றவன் எப்படி ஒரு நாளில் நிமிர்ந்துவிடுகிறான் என்று காட்டத் தெரிந்த ஆள். அவர் பீகாருக்கு வருகிறார் என்றால் என்னவெல்லாம் இருந்திருக்க வேண்டும்! 1977இல் பெல்ச்சியில் தலித்துகளைக் கட்டி நெருப்பில் போட்டார்கள். அந்தப் புகை அடங்கி ஏழே வருசத்தில் வந்த படம் இது. நமக்கு 1968 வெண்மணி இருக்கிறது; அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கு 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்த கணக்கு இன்னும் தீரவில்லை. கூலி கேட்டால் குடிசை எரியும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தி தெரிய வேண்டியதில்லை. ஆகவே படத்தின் கிராமத்துப் பகுதியை நான் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்துதான் பார்த்தேன்.

அப்புறம் அவர்கள் ரயிலேறினார்கள். அதோடு அரசியலும் ரயிலேறிப் போய்விட்டது.

இதை விளக்க வேண்டும். கிராமத்தில் நௌரங்கியா ஒரு சாதியைச் சேர்ந்தவன், ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன், கூலிக் கணக்கு தெரிந்தவன், கொலைசெய்யும் அளவுக்குக் கோபம் உள்ளவன். நகரத்தில் அவன் 'மனிதன்' ஆகிவிடுகிறான். பசித்த மனிதன், அலையும் மனிதன், இயற்கையோடு போராடும் மனிதன். மேல்சாதிப் பார்வையாளனுக்கு இந்த 'மனிதன்' ரொம்ப வசதியானவன். ஏனென்றால் அவனைப் பார்த்து இரக்கப்படலாம், பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றின் இழுப்புக்கு யாரும் பொறுப்பாளி இல்லையே! சேரி எரிந்ததற்குப் பொறுப்பாளி இருந்தான், அவனுக்கு வீடு இருந்தது, துப்பாக்கி இருந்தது, வக்கீல் இருந்தான். அவனை எதிரே நிறுத்திக்கொண்டு ஒரு படத்தை முடிப்பது கஷ்டம். ஆற்றை எதிரே நிறுத்திக்கொண்டு முடிப்பது சுலபம், அழகும்கூட.

வாத்தியார் விசயமும் அப்படித்தான். நம்மைப் பற்றிய கலைப்படங்களில் ஒரு வாத்தியாரோ வக்கீலோ டாக்டரோ வந்து சொல்லித்தந்த பிறகுதான் நமக்குப் புத்தி வருகிறது. கோவிந்த் நிஹலானியின் 'ஆக்ரோஷ்' (1980) படத்தில் பழங்குடிக்காரனாக வரும் ஓம் புரி கிட்டத்தட்டப் படம் முழுக்க வாயே திறப்பதில்லை. நியாயம் தேடி அலைவது இளம் வக்கீல். வாய் பேசாத நாயகன் என்றால் நடிகனுக்குக் கண் இருக்கிறது, முகம் இருக்கிறது, விருதும் வரும். ஆனால் நம் ஆட்கள் இவ்வளவு ஊமையாக எந்தக் காலத்தில் இருந்தார்கள்? எங்கள் தெருவில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணி வராவிட்டால் எழும் சத்தத்தை இந்த இயக்குநர்கள் ஒரு நாள் காலையில் வந்து கேட்க வேண்டும்.

இனி பன்றிக்கு வருகிறேன், விசயமே அங்கேதான் இருக்கிறது.

படத்தைப் பார்த்த மேல்சாதி நண்பர்கள் எல்லாருமே ஆற்றுக் காட்சியைச் சொல்லும்போது "பன்றிகளோட... அந்தத் தண்ணில..." என்று இழுப்பார்கள். முகம் சுருங்கும். மனிதன் இதற்குமேல் கீழே போக முடியாது என்பதற்கு அவர்களுக்குப் பன்றி ஓர் அளவுகோல். படமும் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இத்தனை நேரம் அந்தக் காட்சியை நீட்டியிருக்க வேண்டியதில்லை. எங்கள் காலனியில் நாலைந்து வீடுகளில் பன்றி வளர்த்தார்கள். என் அத்தை வீடு அதில் ஒன்று. அத்தைக்குப் பன்றி என்பது பள்ளிக்கூடக் கட்டணம், மாமன் மருந்துச் செலவு, பொங்கலுக்குத் துணி. தவிடும் கழுநீரும் கலந்து ஊற்றிவிட்டு "ந்தா... ந்தா..." என்று கூப்பிடுகிற குரலில் அருவருப்பு ஒரு துளி கிடையாது. ஊர்க்காரர்கள் அந்தப் பன்றியைக் காட்டித்தான் அவளை ஏசினார்கள் என்பது வேறு. ஏச்சு அவர்களுடையது. பன்றி அவளுடையது.

அந்த அத்தைக்கு என் மடிக்கணினியில் இந்த ஆற்றுக் காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். இந்தி தெரியாது, கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்: "இன்னாத்துக்குடி இவ்ளோ சோகமா வாசிக்கிறான்? பன்னி நல்லா நீஞ்சுமே. பன்னி தண்ணிக்குப் பயப்படாது. வயித்துப் புள்ளக்காரிய எறக்கினான் பாரு, அதுக்குத்தான் பயப்படணும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஷபானாவைக் காட்டி, "அது நடிப்பு இல்லடி. அந்தப் பொண்ணுக்கு நெசமாவே மூச்சு வாங்குது" என்றாள்.

எம்.ஏ. வகுப்பில் மெய்ப்பாட்டியல் படித்தவள் நான். எட்டு மெய்ப்பாடுகளையும் அவற்றின் நிலைக்களன்களையும் இன்றைக்கும் ஒப்பிப்பேன். ஆனால் நடிப்பைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான வார்த்தை அத்தை சொன்னதுதான். காரணம், அந்தக் காட்சியில் ஓர் எல்லை இருக்கிறது. அதுவரை நடிப்பு, அதற்கு மேல் உடம்பு. இரண்டு நடிகர்களும் ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள். பன்றிக் கூட்டம் கலைகிறது, மறுபடி சேர்க்க வேண்டும், குரல் கொடுக்க வேண்டும், கை சோர்கிறது. சோர்வை ஓரளவுக்கு நடிக்கலாம். தண்ணீருக்குள் மூச்சை நடிக்க முடியாது. பிரெஞ்சு அறிஞர் திதெரோ, நல்ல நடிகன் தான் காட்டும் உணர்ச்சியைத் தான் அனுபவிப்பதில்லை, நிதானமாக நின்று உருவாக்குகிறான் என்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வாதாடினார். மேடையில் அது சரியாக இருக்கலாம். ஆற்றின் நடுவில் நிதானம் எங்கே நிற்கும்?

ஆனால் இங்கேதான் நாம் ஏமாந்துவிடக் கூடாது. மூச்சு நிஜம் என்பதால் நிலைமையும் நிஜம் ஆகிவிடாது. கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் தலித் அனுபவத்தைப் பற்றி நடத்திய விவாதம் 2012இல் 'விரிசல் விட்ட கண்ணாடி' என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வந்தது. அதில் சருக்கை ஒரு இடத்தில் தரும் விளக்கம் எனக்கு ரொம்பப் பயன்பட்டிருக்கிறது. வாழ்ந்த அனுபவம் என்பது வெறுமனே ஒன்றைப் பட்டுணர்வது அல்ல; அதிலிருந்து விலகிப்போகும் சுதந்திரம் இல்லாமல் பட்டுணர்வது. ஒரு நாள் சேரியில் தங்கிப் பார்க்கிறவனுக்கும் சேரிக்காரனுக்கும் வித்தியாசம் அங்கே இருக்கிறது. இதை நடிகருக்குப் பொருத்திப் பாருங்கள். நசீருதீன் ஷாவுக்கும் ஷபானா ஆஸ்மிக்கும் அந்தத் தண்ணீர் அதே தண்ணீர், அந்தக் குளிர் அதே குளிர். 'போதும்' என்று இயக்குநர் சொன்னதும் கரையில் துண்டும் தேநீரும் இருக்கும். நௌரங்கியாவுக்குப் 'போதும்' சொல்ல யாரும் கிடையாது.

இதைச் சொல்வது அந்த நடிகர்களைச் சிறுமைப்படுத்த அல்ல. அந்த இருவரும் இந்தியாவின் மிகச் சிறந்த நடிகர்கள், சந்தேகமே இல்லை. ஒரு தோழர் என்னிடம், "அப்ப செத்தவனத்தான் சாவு சீன்ல நடிக்க வைக்கணுமா?" என்று நக்கலாகக் கேட்டார். நல்ல கேள்விதான். அடுத்தவர் வலியை உடம்பில் வாங்கிப் பார்ப்பது நடிப்பின் அடிப்படை. அதைத் தடுத்தால் நடிப்பே இல்லை. தலித்தை தலித்தான் நடிக்க வேண்டும் என்று சட்டம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை, அது சாதித் தொழில் மாதிரி ஆகிவிடும். என் கேள்வி, அந்த உடம்பு எதற்குப் பயன்படுகிறது என்பதுதான்.

சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காக எடுத்த 'சத்கதி' (1981) படத்தோடு ஒப்பிட்டால் இது விளங்கும். பிரேம்சந்த் கதை. மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்லி பார்ப்பான் வீட்டுக்குப் போகிற துக்கி, அந்த வீட்டு வாசலில் சம்பளமில்லாமல் விறகு பிளந்து பிளந்து செத்துப்போகிறான். ஓம் புரி அந்தக் கட்டையைக் கோடாலியால் அடிக்கிறார். அடி விழுகிறது, கட்டை பிளக்கவில்லை, மறுபடி அடி. அங்கேயும் மூச்சு நிஜம். ஆனால் அங்கே ஒவ்வொரு அடியும் உள்ளே பாயில் சாய்ந்து கிடக்கிற பண்டிதனைத் தொடுகிறது. உழைப்பு இங்கே, சுகம் அங்கே என்று இரண்டையும் ராய் ஒரே வீட்டுக்குள் வைத்திருக்கிறார். நடிகனின் வியர்வைக்கு ஒரு எதிராளி இருக்கிறான். துக்கி கடைசிவரை அடங்கிப்போகிறவன் என்பதில் எனக்கு அந்தப் படத்தோடும் சண்டை உண்டு. இருந்தாலும் ஓம் புரியின் உடம்பு அங்கே சாட்சி சொல்கிறது. 'பார்' படத்து ஆற்றில் அந்த உடம்பு யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது?

பிரெக்ட் சொன்னது நினைவுக்கு வருகிறது. பார்வையாளன் பாத்திரத்தோடு ஒன்றிப்போனால் அவன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான் என்பது அவருடைய சந்தேகம். ஒரு காலத்தில் இதைப் படித்தபோது உணர்ச்சியே வேண்டாம் என்கிறார் போல என்று தோன்றியது. 'பார்' மாதிரிப் படங்களைப் பார்க்கிறபோதுதான் அவர் எதற்குப் பயந்தார் என்று பிடிபடுகிறது. நடிப்பு இவ்வளவு நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் நாம் எழுந்து கேட்டிருப்போம்: ஏம்பா, கிராமத்தில் எரிந்த மற்ற குடிசைகள் என்ன ஆயிற்று? கொலைசெய்துவிட்டுத் தப்பியவன் அதே ஊருக்குத் திரும்பினால் அவனுக்கு என்ன நடக்கும்? அவனோடு கூலி கேட்ட மற்றவர்கள் எங்கே? நடிப்பு நம் தொண்டையை அடைத்துவிடுகிறது. தொண்டை அடைத்தவன் கேள்வி கேட்கமாட்டான்.

ஊரில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சினிமா சொல்லவில்லை, பீகார் சொன்னது. 1996இல் பதானி தோலாவில் ரண்வீர் சேனா 21 பேரை வெட்டியும் சுட்டும் கொன்றது. பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். 1997 டிசம்பர் 1ஆம் தேதி இரவு லக்‌ஷ்மண்பூர் பாதேயில் 58 பேர். கொலைகாரர்கள் சோன் ஆற்றைப் படகில் கடந்து வந்தார்கள். தங்களைக் கடத்திவிட்ட படகோட்டிகளையும் கொன்றார்கள். பதானி தோலா வழக்கில் 2012இலும் பாதே வழக்கில் 2013இலும் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவர்கள் அனைவரையும் விடுவித்தது. ஆற்றைக் கடப்பது என்றால் இந்த ஆற்றைக் கடப்பதும் இருக்கிறது. 1984இல் இதெல்லாம் நடக்கவில்லை, அதற்கு இயக்குநரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குத் திரும்புகிறேன் என்று கிளம்பிய நௌரங்கியாவை வைத்து, திரும்புவதற்கு முன்பே படத்தை முடித்துவிட்டதற்குக் கட்டாயம் குற்றம் சொல்லலாம். பெல்ச்சி ஏற்கெனவே நடந்திருந்தது.

நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபண்ட்ரி' (2013) வந்த பிறகு இந்தப் பழைய படத்தை முன்மாதிரி பார்க்க முடியவில்லை. கைகாடி மொழியில் ஃபண்ட்ரி என்றால் பன்றி. அங்கே பன்றியை விரட்டிப் பிடிப்பது ஒரு குடும்பம். சுற்றி நின்று சிரிப்பது ஊர். அருவருப்பு பன்றியிடம் இல்லை, சிரிக்கிற வாய்களில் இருக்கிறது என்பதைக் கேமரா தெரிந்துவைத்திருக்கிறது. பிடிக்கப்போகிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் தேசிய கீதம் ஒலிக்க, குடும்பமே அப்படியே விறைத்து நிற்கிறது. நான் அந்த இடத்தில் சிரித்தேன், சிரித்துவிட்டு அழுதேன். ஜப்யாவாக நடித்த சோம்நாத் அவ்கடே அதற்குமுன் சினிமாவில் நடித்ததில்லை; அப்பாவாக வரும் கிஷோர் கதம் கைதேர்ந்த நடிகர். இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள், யார் 'நடிகர்' என்று பிரிக்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அங்கே நடிப்பு படத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலைமையில் இல்லை. கடைசியில் ஜப்யா எறியும் கல் நேரே நம்மை நோக்கி வருகிறது. ஷ்யாம் பெனகலின் 'அங்கூர்' (1974) முடிவிலும் ஒரு பையன் கல் எறிகிறான், ஆனால் அது பண்ணையார் வீட்டு ஜன்னலுக்கு. அந்தக் கல்லைப் பார்த்துக் கலைப்பட ரசிகர்கள் கைதட்ட முடிந்தது. இந்தக் கல்லுக்குக் குனிய வேண்டியிருந்தது.

அப்படியென்றால் 'பார்' படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இல்லை. எங்கள் வாசகர் வட்டத்தில் மாணவர்களுக்கு அதைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று வாதாடுகிறவள் நான்தான். நடிப்பு காப்பாற்றியது படத்தை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என் கணக்கில் அது காப்பாற்றியது ரமாவை. திரைக்கதையில் ரமா கணவனோடு ஓடுகிறாள், பசித்திருக்கிறாள், ஆற்றில் இறங்குகிறாள், அழுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா நடிக்கும்போது ரமாவுக்கு ஒரு மனசு வந்துவிடுகிறது. வயிற்றில் பிள்ளையோடு தண்ணீரைப் பார்க்கிற பார்வையில் பயம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. இந்தக் கூலியை விட்டால் ஊர் இல்லை, ஊர் இல்லாவிட்டால் பிள்ளை பிறந்து எங்கே வளரும் என்ற கணக்கு. கூலிக்காரப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. நடவு வயலில் எட்டு மாதத்தோடு குனிந்து நிற்கிறவளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். இயக்குநர் எழுதாத ஒன்றை நடிகை எழுதிவிட்டார். படத்தின் பார்வையோடு அவருக்குச் சண்டை இருந்ததா என்று கேட்டால் அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, தேவையும் இல்லை. உடம்பு சில சமயம் பிரதிக்கு அடங்குவதில்லை.

கடைசிக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை செத்துவிட்டது என்று ரமா சொல்கிறாள். அவள் உடம்பு அவளிடம் சொன்னதை அவள் சொல்கிறாள். அதை மறுக்க நௌரங்கியாவின் காது வருகிறது. அந்தத் துடிப்பு நமக்கும் கேட்கிறது, நாமும் நிம்மதியாகி எழுந்து போகிறோம். பெண்ணின் வயிற்றுக்குள் நடப்பதற்குக்கூட ஆணின் காதுதான் அத்தாட்சி என்பதில் நம் தோழர்கள் யாருக்கும் இதுவரை உறுத்தல் வந்ததாகத் தெரியவில்லை. அந்த இடம் வரும்போது நான் நசீருதீன் ஷாவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ரமாவைப் பார்க்கிறேன். அவன் கேட்டேன் என்று சொன்னதை அவள் நம்பினாளா, அல்லது விடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு நடக்க வேண்டுமே என்பதற்காகத் தலையாட்டினாளா? ஒவ்வொரு தடவையும் எனக்கு வேறு வேறாகத் தெரிகிறது. அத்தையிடம் கேட்டேன். "நடக்கணும்ல" என்றாள்.